டெனியர், தினார், தெனாரியம்: நொய்யல் கரைக்கு இரண்டு தடவை வந்த சொல்

திருப்பூரில் என் தாய்மாமா ஒருவர் சின்னதாக ஒரு நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறார். வட்ட மெஷின்கள் நாலைந்து ஓடும். பள்ளி விடுமுறையில் அங்கே போய் உட்கார்ந்து, துணி உருளையாகக் கீழே இறங்குவதை வேடிக்கை பார்ப்பது எனக்குப் பழக்கம். ஒரு நாள் லைக்ரா என்ற இழுபடும் நூல் பெட்டிகள் வந்து இறங்கின. பெட்டியின் மேல் 40 என்ற எண்ணும், அதை ஒட்டி டி என்ற ஆங்கில எழுத்தும் அச்சாகியிருந்தன.

"ஏனுங் மாமா, இந்த டி என்னதுங்க?"

"டெனியர் கண்ணு. நூலு எத்தன மொத்தம்னு சொல்ற கணக்கு. நம்பர் ஏற ஏற நூலு மொத்தமாகும்."

"பருத்தி நூல்ல நம்பர் ஏறுனா சன்னமாகும்னு சொன்னீங்களே?"

"அது கவுண்ட்டு. இது டெனியரு. அது வேற, இது வேற."

அன்றைக்கு அதோடு சரி. பல வருஷம் கழித்து, ஓர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ரோமானிய வெள்ளிக் காசு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர்ச்சீட்டில் 'தெனாரியஸ்' என்று எழுதியிருந்தது. வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். தெனாரியஸ், டெனியர். அப்போதுதான் மாமாவின் பெட்டியில் இருந்த அந்த டி ஞாபகத்துக்கு வந்தது.

இரண்டும் ஒரே சொல். ஒலி ஒத்துப்போவதை வைத்துச் சொல்லவில்லை. ஒன்றிலிருந்துதான் மற்றது வந்தது. 2000 வருஷத்துக்கு முன்னால் வெள்ளிக் காசாக, திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றின் கரைக்கு வந்த சொல், பாதி உலகத்தைச் சுற்றிவிட்டு, நூலின் கனத்தை அளக்கும் கணக்காக அதே நொய்யல் கரைக்குத் திரும்பி வந்திருக்கிறது. இடையில் அது என்னென்ன ஆனது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் பிறந்த இடம். லத்தீனில் 'தேனி' என்றால் 'பத்துப் பத்தாக' என்று பொருள். 'தெகெம்' என்ற பத்தைக் குறிக்கும் சொல்லின் உறவு அது. டிசம்பரும் டெசிமலும் அதே குடும்பம். ரோமானியர்கள் கி.மு. 211 வாக்கில், கார்த்தேஜ் தளபதி ஹானிபலோடு போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், புதிதாக ஒரு வெள்ளி நாணயம் அடித்தார்கள். அன்றைய செம்புக் கலப்புக் காசான 'ஆஸ்' பத்துக்கு அது சமம். அதனால் அதற்குத் தெனாரியஸ், அதாவது 'பத்து கொண்டது', என்று பெயர். ரோமானிய எண்ணில் பத்தைக் குறிக்கும் பெருக்கல் குறி போன்ற எழுத்தும் தொடக்ககாலக் காசுகளில் உண்டு.

சுமார் 70 வருஷம் போனதும் கணக்கை மாற்றினார்கள். ஒரு தெனாரியஸுக்குப் பத்து ஆஸ் இல்லை, இனி பதினாறு ஆஸ் என்றார்கள். பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. பதினாறு கொண்ட காசைப் 'பத்து' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நமக்கு இது புதிதில்லை. ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கு 1957 ஏப்ரலில் போய், நூறு பைசா வந்தது. ஆனால் 25 பைசாவை நாலணா என்றும், 50 பைசாவை எட்டணா என்றும் அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு சொன்னோம். 2011 ஜூன் மாதத்தோடு 25 பைசா செல்லாமல் போகும் வரை, சந்தையில் அது நாலணாதான். பழகின பெயரை விட மனிதர்களுக்கு மனசு வருவதில்லை. தெனாரியஸின் கதை முழுக்கவே இப்படித்தான் போகிறது.

சரி, கொங்குக்கு அது எப்படி வந்தது? மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு திறந்த வாசல். மேற்குக் கடற்கரையில் முசிறித் துறைமுகம். அங்கே இறங்கும் சரக்கும் காசும் அந்த வாசல் வழியாக உள்ளே வந்து, கோவை, நொய்யல் கரை, கரூர் என்று காவிரிப் பக்கம் நகரும். இந்தப் பாதை நெடுகத்தான் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. இந்தியாவிலேயே ரோமானிய வெள்ளிக் காசுப் புதையல்கள் இவ்வளவு நெருக்கமாகக் கிடைத்த இடம் நம் கொங்குப் பகுதி. கோவைக்குப் பக்கத்தில் நொய்யல் கரை வெள்ளலூரில் 1842-ல் ஒரே புதையலில் 500-க்கும் மேற்பட்ட தெனாரியஸ்கள் கிடைத்தன. அதே ஊரில் பிறகும் கிடைத்தன. கத்தாங்கண்ணியில் 1913-ல் 233 காசுகள். உடுமலைப் பக்கம் பூதிநத்தத்தில் ஆயிரத்துக்கும் மேல். பொள்ளாச்சி, கரூர் என்று பட்டியல் நீளும். பெரும்பாலும் உழும்போதும் மண் வெட்டும்போதும் பானையோடு கிடைத்தவை. யாரோ ஒருவர் பத்திரமாக இருக்கட்டும் என்று புதைத்துவைத்து, திரும்பி வந்து எடுக்க முடியாமல் போன பணம்.

அந்தக் காசு ஒன்றை நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் சின்னது, ஆனால் தடிப்பாக, மேடு பள்ளம் நன்றாகத் தெரியும்படி அடித்திருப்பார்கள். கொங்கில் கிடைத்தவற்றில் இரண்டே வகைகள்தான் மிக அதிகம். ஒன்று அகஸ்டஸ் பேரரசருடையது. முன்பக்கம் இலைமாலை சூடிய தலை. பின்பக்கம் இரண்டு இளைஞர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களுக்கு நடுவில் கேடயங்களும் ஈட்டிகளும். அந்த இரண்டு பேரும் கையஸ், லூசியஸ் என்ற அவருடைய பேரன்கள். தனக்குப் பிறகு இவர்கள் என்று ஊருக்குச் சொல்ல அடித்த காசு அது. இரண்டு பேருமே அவருக்கு முன்னால் இறந்துபோனார்கள். இன்னொன்று, அடுத்து வந்த திபேரியஸ் பேரரசருடையது. பின்பக்கம் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்து, ஒரு கையில் கோலும் மறுகையில் மரக்கிளையும் பிடித்திருப்பாள். இரண்டு வகையும் அடிக்கப்பட்ட ஊர் லுக்துனும். பிரான்சில் இருக்கும் இன்றைய லியோன் நகரம்தான் அது. இந்த ஊர்ப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

இந்த இரண்டு பேரின் காசு மட்டும் ஏன் இங்கே குவிந்தது? கி.பி. 64-ல் நீரோ, தெனாரியஸின் எடையையும் வெள்ளியின் சுத்தத்தையும் குறைத்தார். அதற்கு முந்தின காசுகளில் வெள்ளி கிட்டத்தட்ட சுத்தம். நம் ஊர் வியாபாரிகள் அரசரின் முகத்துக்காக அந்தக் காசை வாங்கவில்லை, வெள்ளிக்காக வாங்கினார்கள். கலப்படம் தெரிந்ததும் பழைய காசுக்குத்தான் கிராக்கி. ரோமானிய எழுத்தாளர் பிளினி ஒரு செய்தி சொல்கிறார். இலங்கை அரசர் ரோமானியத் தெனாரியஸ்களைப் பார்த்தபோது, ஒவ்வொன்றிலும் வேறு வேறு தலை இருந்தும் எடை எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருப்பதைக் கண்டு, இவர்கள் நேர்மையான ஆட்கள் என்று வியந்தாராம். தராசில் நிறுத்துப் பார்த்து மதிக்கும் அந்தக் கண், கொங்குச் சந்தையிலும் அதே கண்தான்.

பிளினியே இன்னொரு இடத்தில் வருத்தப்படுகிறார். வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று. நாலு செஸ்டர்ஸ் ஒரு தெனாரியஸ். அப்படியானால் 1 கோடியே 25 லட்சம் தெனாரியஸ். அவர் சொன்ன கணக்கு துல்லியமானதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் விலைப்பட்டியலும் அவரே தருகிறார்: ரோமில் ஒரு ராத்தல், அதாவது ஒரு பவுண்டு எடை மிளகு 4 தெனாரியஸ், வெண்மிளகு 7, திப்பிலி 15. அன்றைக்கு ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம் ஏறக்குறைய ஒரு தெனாரியஸ். நாலு நாள் வேலை செய்தால் ஒரு ராத்தல் மிளகு. நம் அகநானூறு இதையே முசிறித் துறையில் நின்று பார்க்கிறது: யவனர்களின் மரக்கலம் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்'. கறி என்பது மிளகு. காசின் வெளிநாட்டுப் பெயரைப் பற்றிப் புலவருக்குக் கவலையில்லை. வந்தது பொன், போனது கறி.

மிளகு மலையில் விளைவது. கொங்குச் சமவெளி கொடுத்தது வேறு. காங்கேயத்துக்குப் பக்கத்தில் படியூரில் கடல்நீர் நிறத்தில் ஒரு பச்சைக்கல் கிடைத்தது. 1819-20-ல் ஆங்கிலேயர்கள் கூட அங்கே தோண்டி எடுத்திருக்கிறார்கள். நொய்யல் கரைக் கொடுமணலில் அந்தக் கல்லையும், பளிங்கு, சூதுபவளம் போன்ற கற்களையும் மணியாக அறுத்து, துளை போட்டு, மெருகேற்றிய பட்டறைகளை 1985 முதல் நடந்த அகழாய்வுகள் வெளியே கொண்டுவந்தன. பதிற்றுப்பத்து 'கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்' என்று புகழ்வது அந்த ஊரைத்தான். முழுமையான மணி, பாதி அறுத்த கல், துளை போடும்போது உடைந்த மணி என எல்லா நிலையிலும் அங்கே கிடைத்திருக்கின்றன. அந்த உடைந்த மணி என்னை மிகவும் தொட்டது. யாரோ ஒருவர் அன்றைக்கு 'அடடா' என்று தூக்கிப் போட்டிருப்பார்.

அந்தப் பச்சைக்கல்லின் பெயரும் பயணம் போனது. வடமொழியில் வைடூரியம், பிராகிருதத்தில் வேளுரியம். அது கிரேக்கத்தில் பெரில்லோஸ், லத்தீனில் பெரில்லுஸ் ஆனது. தெளிவான கல்லைத் தேய்த்து எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வில்லை செய்தார்கள். அதனால் இன்றைக்கு ஜெர்மன்காரர்கள் மூக்குக் கண்ணாடியை 'பிரில்லே' என்கிறார்கள். அந்தக் கல்லின் பெயர்தான் அது. காசின் பெயர் மேற்கிலிருந்து கிழக்கே வந்தது, கல்லின் பெயர் கிழக்கிலிருந்து மேற்கே போனது. போய்ச் சேர்ந்த இடத்தில் இரண்டுமே வேறு பொருளுக்கு மாறிவிட்டன.

தெனாரியஸுக்குத் திரும்புவோம். ரோமில் அதன் கதி நல்லபடியாக முடியவில்லை. நீரோவுக்குப் பிறகு வந்தவர்களும் வெள்ளியைக் குறைத்துக்கொண்டே போனார்கள். 301-ல் டயோக்லீஷியன் பேரரசர் விலைகளுக்கு உச்சவரம்பு வைத்து ஆணை போட்டபோது, பண்ணைக் கூலியாளுக்குச் சாப்பாடு போக ஒரு நாளைக்கு 25 தெனாரியஸ் என்று எழுத வேண்டிவந்தது. முன்பு ஒரு காசுக்குச் செய்த வேலை அது. அதற்குள் தெனாரியஸ் வெள்ளிக் காசாக இல்லாமல், கணக்குப் புத்தகத்தில் மட்டும் இருக்கும் பெயராகிவிட்டது. காசு செத்தது, சொல் பிழைத்தது.

கிழக்கே அது தங்கமானது. ரோமானியத் தங்கக் காசைத் 'தங்கத் தெனாரியஸ்' என்றும் சொல்வது உண்டு. கிரேக்கர் வாயில் தெனாரியோன். பாரசீகத்திலும் மேற்கு ஆசிய மொழிகளிலும் தினார் என்று தங்கத்துக்கு ஒட்டிக்கொண்டது. 690-களில் அப்துல் மாலிக் என்ற உமையாக் கலீபா, உருவம் எதுவும் இல்லாமல் எழுத்து மட்டும் பொறித்த தங்க தினாரை அடித்தார். எடை சுமார் 4.25 கிராம். வெள்ளிக்குத் திர்ஹம் என்று வேறு பெயர். வெள்ளிக் காசின் பெயரைத் தங்கம் எடுத்துக்கொண்டது இப்படித்தான். அதற்கும் முன்னாலேயே வட இந்தியாவில் குப்தர்களின் தங்கக் காசுக்குத் தீனாரம் என்ற பெயர் கல்வெட்டுகளில் வந்துவிட்டது. இன்றைக்கு அல்ஜீரியா, துனிசியா, லிபியா, ஈராக், ஜோர்டான், பஹ்ரைன், குவைத், ஐரோப்பாவில் செர்பியா ஆகிய நாடுகளில் பணத்தின் பெயர் தினார். வடக்கு மாசிடோனியாவில் தெனார். குவைத்துக்கு வேலைக்குப் போனவர் வீட்டில் 'இன்னிக்கு தினார் என்ன ரேட்டு' என்று கேட்கும்போது, அவர்கள் சொல்வது பழைய ரோமானியக் காசின் பெயரைத்தான். உலகத்திலேயே மதிப்பு அதிகமுள்ள நாணயம் அந்தக் குவைத் தினார்.

மேற்கே போன கிளை கொஞ்சம் கொஞ்சமாக ஏழையாகிக்கொண்டே போனது. சார்லமேன் என்ற பிராங்க் அரசர் காலத்தில், எட்டாம் நூற்றாண்டின் கடைசியில், ஒரு ராத்தல் வெள்ளிக்கு 240 தெனியே (தெனாரியஸின் பிரெஞ்சு வடிவம், ஆங்கிலத்தில் டெனியர்) என்று கணக்கு வகுத்தார்கள். இங்கிலாந்து அதே கணக்கைப் பிடித்துக்கொண்டது: 240 பென்னி ஒரு பவுண்டு. பென்னியை எழுதும்போது அவர்கள் 'பி' போடவில்லை, 'டி' போட்டார்கள். தெனாரியஸின் முதல் எழுத்து. 1971 பிப்ரவரி 15 அன்று பழைய கணக்கை விடும் வரை, லண்டன் கடைகளில் விலைச்சீட்டில் அந்த டி இருந்தது. மாமாவின் லைக்ரா பெட்டியில் இருக்கும் டியும் சொல்லால் அதே டிதான்.

பிரான்சில் தெனியே சின்னச் செம்புக் காசாகிவிட்டது. ஆனால் ஓர் அழகான சொல்லை விட்டுவிட்டுப் போனது. ஒரு தெனியே காசுக்குக் கிடைக்கும் சரக்கு என்ற பொருளில் 'தென்றே' என்றார்கள். இன்றைக்கு பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு அரிசி பருப்பு போன்ற உணவுப் பண்டம் என்று பொருள். ஸ்பெயினில் 'தினேரோ', போர்ச்சுகலில் 'தின்யெய்ரு', இத்தாலியில் 'தெனாரோ', ஸ்லோவேனியாவில் 'தெனார்': நாலு இடத்திலும் பொருள் பொதுவாகப் பணம். ஒரு குறிப்பிட்ட காசின் பெயர், எல்லாப் பணத்துக்கும் பெயராகிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு நம் வீட்டுப் பேச்சுதான் ஞாபகம் வந்தது. நமக்கும் பணம் என்பது ஒரு காலத்தில் ஒரு குறிப்பிட்ட சின்னத் தங்கக் காசு. ஆங்கிலேயர் அதைத்தான் 'ஃபனம்' என்று எழுதினார்கள். காசும் ஒரு தனி நாணயம். துட்டு என்பது டச்சுக்காரர்களின் 'டொய்ட்' என்ற செம்புக் காசு. இன்றைக்கு மூன்றையும் ஒரே பொருளில் சொல்கிறோம். 'காசு பணம் என்ன, கையில துட்டு இல்ல' என்று ஒருவர் சொன்னால், மூன்று நாணயங்கள் தங்கள் உருவத்தை விட்டு ஒரே சொல்லாகக் கரைந்துவிட்டன என்று அர்த்தம். ஸ்பானியர்கள் தெனாரியஸுக்குச் செய்ததை நாம் மூன்று தடவை செய்திருக்கிறோம்.

இதனால் ஒரு சின்னக் குழப்பமும் வந்தது. தமிழ் விவிலியத்தில் திராட்சைத் தோட்டக்காரர் கதை இருக்கிறதல்லவா, பழைய மொழிபெயர்ப்பில் அவர் வேலையாட்களுக்கு 'நாளொன்றுக்கு ஒரு பணம் கூலி' பேசுகிறார். மொழிபெயர்த்தவர் எழுதிய காலத்தில் பணம் என்பது ஒரு நாணயம், அதனால் சரியாகவே எழுதினார். இன்றைக்குப் படிப்பவர்களுக்கு 'ஒரு பணம்' என்றால் எவ்வளவு என்று புரிவதில்லை. கத்தோலிக்கத் திருவிவிலியம் பிற்பாடு 'ஒரு தெனாரியம்' என்று மூலச் சொல்லையே வைத்துக்கொண்டது. இரண்டு முடிவுக்கும் நியாயம் உண்டு. எனக்கு இரண்டாவது பிடிக்கிறது. பேரரசருக்கு வரி கட்டலாமா என்று கேட்டவர்கள் இயேசுவிடம் காட்டின காசு திபேரியஸ் தலை போட்டதாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். கத்தாங்கண்ணி மண்ணில் கிடைத்த அதே வகை.

காசு என்று வந்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'கேஷ் என்ற ஆங்கிலச் சொல் நம் காசிலிருந்து வந்தது' என்று நிறையப் பேர் பெருமையாகச் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் உண்டு. ரொக்கம் என்ற பொருளில் கடையில் சொல்லும் கேஷ், லத்தீனின் 'கப்ஸா' வழி வந்தது. கப்ஸா என்றால் பெட்டி. அது இத்தாலியில் 'காஸ்ஸா', பிரெஞ்சில் 'கேஸ்' என்ற பணப்பெட்டியாகி, பிறகு பெட்டிக்குள் இருக்கும் பணமும் அதே பெயரைப் பெற்றது. கண்ணாடிக்கு ஒரு கேஸ் வாங்குகிறோமே, காப்ஸ்யூல் மாத்திரை, பாட்டு கேட்ட கேசட் எல்லாம் அந்தப் பெட்டியின் பிள்ளைகள். இன்னொரு கேஷ், சின்னச் செம்புக் காசைக் குறிக்கும் பழைய சொல். அதுதான் நம்முடையது. காசு என்பதைப் போர்த்துகீசியர் 'கைஷா' என்று சொல்லி, அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்தார்கள். சென்னைக் கம்பெனிக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆனால் போர்த்துகீசிய மொழியில் கைஷா என்றால் பெட்டி என்றும் பொருள், அதுவும் கப்ஸாவிலிருந்து வந்ததுதான். தமிழ்ச் சொல்லும் லத்தீன் சொல்லும் ஒரே வாயில் ஒரே ஒலியாகச் சேர்ந்துகொண்டன. பெருமைப்பட்டுக்கொள்ள இவ்வளவு உண்மையே எனக்குப் போதும்.

இனி நூலுக்கு வருவோம். பிரான்சில் தெனியே காசாக மட்டும் இருக்கவில்லை, சின்ன எடைக்கல்லாகவும் இருந்தது. நம் ஊரில் கழஞ்சும் குன்றிமணியும் எடையாக இருந்ததைப் போல. பட்டு நூல் முடியைவிட மெலிசு, அதைக் கோல் வைத்து அளக்க முடியாது. அதனால் ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு நூலைச் சுற்றி, அந்தச் சிட்டம் எத்தனை தெனியே எடை இருக்கிறது என்று நிறுத்தார்கள். எடை கூடினால் நூல் தடிமன். இந்தக் கணக்கில் புழங்கிய பெரிய பட்டு நகரம் எது தெரியுமா? லியோன். ஐரோப்பாவின் பட்டுத் தலைநகராகப் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து வளர்ந்த ஊர். வெள்ளலூர்ப் பானைக்குள் கிடந்த தெனாரியஸ்களை அடித்த அதே லுக்துனும். நொய்யலுக்கு முதலில் வெள்ளியை அனுப்பின ஊரில்தான் நூலின் அளவும் புழங்கியது என்று தெரிந்த அன்று, கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பின்னால் எடையும் நீளமும் மெட்ரிக் கணக்குக்கு மாறின. 450 மீட்டர் நூல் 0.05 கிராம் எடை இருந்தால் ஒரு டெனியர் என்று நிலைநிறுத்தினார்கள். அதையே பெருக்கினால் 9000 மீட்டருக்கு ஒரு கிராம். 9000 என்ற இந்த வினோதமான எண் எங்கிருந்து வந்தது என்று நூல் கடையில் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். வந்த வழி இதுதான். 40 டெனியர் நூல் என்றால் 9000 மீட்டர் 40 கிராம் இருக்கும்.

மாமா சொன்ன 'அது வேற, இது வேற' என்பதற்கும் இங்கே விடை இருக்கிறது. பருத்திக் கவுண்ட் எடையை நிலையாக வைத்து நீளத்தைக் கேட்கிறது: ஒரு ராத்தல் பஞ்சில் 840 கஜம் கொண்ட சிட்டம் எத்தனை வரும்? முப்பது சிட்டம் வந்தால் முப்பதாம் நம்பர். நீளம் கூடக் கூட நூல் சன்னம். டெனியர் நீளத்தை நிலையாக வைத்து எடையைக் கேட்கிறது. எடை கூடக் கூடத் தடிமன். ஒன்று பருத்தி நூற்றவர்களின் கணக்கு, இன்னொன்று பட்டு விற்றவர்களின் கணக்கு. விலை உயர்ந்த பட்டை நிறுத்துப் பழகினவர்கள் எடையை முன்னால் வைத்ததில் ஆச்சரியம் இல்லை.

பட்டிலிருந்து நைலான், பாலியஸ்டர், லைக்ரா என்று செயற்கை இழைகள் வந்தபோது, அவையும் பட்டைப் போலவே நீள இழைகள் என்பதால் பட்டின் அளவையே எடுத்துக்கொண்டன. அந்த வழியாகத்தான் டெனியர் திருப்பூருக்கு வந்தது. இன்றைக்கு டிராக் பேன்ட் துணிக்கு 75 டெனியர், 150 டெனியர் பாலியஸ்டர் என்று பேசுகிறார்கள். லெக்கின்ஸ் துணியில் பருத்தியோடு 20 அல்லது 40 டெனியர் லைக்ரா ஓடும். உடுமலைப் பக்கம் மல்பெரி வைத்துப் பட்டுக்கூடு வளர்க்கிறவர்களின் கூட்டிலிருந்து எடுக்கும் இழையும் கடைசியில் டெனியரில்தான் சொல்லப்படுகிறது. பூதிநத்தத்தில் தெனாரியஸ் கிடைத்ததும் அதே உடுமலைப் பக்கம்தான்.

கொடுமணல் அகழாய்வில் நூல் நூற்கும் தக்கிளியின் சுடுமண் வில்லைகளும் கிடைத்திருக்கின்றன. மணி செய்தவர்களுக்குப் பக்கத்து வீட்டில் யாரோ நூல் நூற்றுக்கொண்டிருந்தார்கள். வெள்ளலூரைத் தாண்டி வரும் நொய்யல் திருப்பூர் நடுவே ஓடி, கத்தாங்கண்ணியையும் கொடுமணலையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது. அந்த ஓர் ஆற்றங்கரைக்குள்ளேயே காசும் நூலும் இருந்தன. அவற்றின் பெயர்கள்தான் தனித்தனியாகச் சுற்றிவிட்டு வந்து சேர்ந்தன. இன்றைக்கு அந்த ஆற்றின் நிலைமையைப் பார்க்கும்போது நெஞ்சு வலிக்கிறது. சாயத் தண்ணீர் கொண்டுவந்த கேட்டை விவசாயிகள் பல வருஷம் சுமந்தார்கள். அந்தக் கதை தனியாக எழுத வேண்டிய ஒன்று, இங்கே ஒரு வரியில் அடக்க எனக்கு மனசு வரவில்லை.

போன மாதம் மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். லியோன், திபேரியஸ் என்று நான் அடுக்கியதைப் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தக் காசு எத்தன கிராம் இருக்கும் கண்ணு?"

"நல்ல காசா இருந்தா மூணே முக்காலுக்குக் கொஞ்சம் கொறைவா இருக்கும்ங் மாமா. 3.7-ன்னு வெச்சுக்கலாம்."

லைக்ரா பெட்டியின் மேலேயே பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டார். 9000-ஐ 40-ஆல் வகுத்தார், கிராமுக்கு 225 மீட்டர். அதை 3.7-ஆல் பெருக்கினார்.

"ஒரு காசு எடைக்கு நாப்பது டெனியர் 832 மீட்டரு வரும். இருபதுன்னா அதுல ரெண்டு பங்கு."

எழுதின இடத்துக்குப் பக்கத்திலேயே அந்த டி இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கோன் தீர்ந்து நூல் அறுந்ததும் விளக்கு எரிய, மாமா எழுந்து போய் முடிச்சுப் போட்டுவிட்டு வந்தார்.